ஓணான் போட்ட சுளைக் கணக்கு

உருமாயி என்ற கரடிக்கு இலுப்பைப் பூ என்றால் உயிர். பலாப்பழம் என்றால் அதைவிடவும் உயிர்!

இரண்டுமே பள்ளக்காட்டில்தான் கிடைக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டுக்காடு, இந்தப் பக்கம் பள்ளக்காடு. கோடை வந்தால் விலங்குகள் எல்லாம் மேட்டிலிருந்து இறங்கி வந்து வயிறு முட்டத் தின்னும். மழைக்கு முன்னால் திரும்பிவிடும். திரும்பித்தான் ஆகவேண்டும். மழை பிடித்துவிட்டால் பள்ளக்காடு முழுக்கத் தண்ணீராகிவிடும்.

போகவும் வரவும் ஒரே வழிதான். ஆற்றின் குறுக்கே ஒரு பழைய மருதமரம் விழுந்து கிடந்தது. ஆற்றில் இறங்கி நடந்தால் என்ன என்று கேட்கிறீர்களா? நடக்கலாம். ஆனால் அங்கே பாறையப்பன் இருந்தான். பார்த்தால் பாறை, காலை வைத்தால் முதலை!

பங்குனி மாதம் உருமாயி அந்த மரத்தின் மேல் ஓட்டமாக ஓடி வந்தாள். குட்டி போட்டுக் குகையில் கிடந்த உடம்பு, எலும்பும் தோலுமாக இருந்தது. அவள் முதுகில் குண்டுமணி என்ற குட்டி ரோமத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தது. மரம் ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

வந்தவள் தின்னத் தொடங்கினாள். விடிந்தால் இலுப்பைப் பூ. வெயில் ஏறினால் பலா. சாயங்காலம் கறையான் புற்று. நடுவில் தேன் கிடைத்தால் அதை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

சித்திரை முடியும்போது ஒருநாள் சும்மா பார்க்கலாமே என்று மருதமரத்தில் ஏறினாள். இரண்டு எட்டு வைத்ததும் மரம் "கிறீச்ச்!" என்று கத்தியது. நடுவில் வளைந்து தண்ணீரைத் தொட்டது. கீழே ஒரு பாறைக்குக் கண் திறந்தது.

"வா தாயி, வா!" என்றான் பாறையப்பன். "எத்தனை நாளா காத்துக்கிட்டு இருக்கேன்! குட்டியையும் கூட்டிக்கிட்டு வா!"

உருமாயி அலறிக்கொண்டு கரைக்குத் தாவினாள். குட்டியை மட்டும் தனியாக அனுப்பவும் முடியாது. முதுகிலிருந்து இறக்கிவிட்டாலே காடு அதிர அழும். அவள் இளைக்காவிட்டால் வெள்ளத்தில் இருவரும் போகவேண்டியதுதான்.

"இளைக்கணும்!" என்று கத்தினாள் உருமாயி. "மழைக்குள்ள இளைச்சே ஆகணும்!"

சொன்னதோடு நிற்கவில்லை, அன்றைக்கே ஓடினாள்! குட்டியை அழ அழ ஒரு கிளையில் உட்காரவைத்துவிட்டு இலுப்பைத் தோப்பைச் சுற்றி ஓடினாள். சருகு பறந்தது. காடை பறந்தது. எதிரே வந்த காட்டுப்பன்றி வழிவிட்டு ஒதுங்கியது. கடைசியில் பலாமரத்தடியில் பொத்தென்று விழுந்து, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கினாள்.

தலைக்கு மேலே ஒரு பலாப்பழம் பழுத்து வெடித்திருந்தது. வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது.

"இவ்வளவு ஓடியிருக்கேன்! உடம்புல எவ்வளவு கரைஞ்சிருக்கும்?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டாள்.

பக்கத்துக் கல்லின் மேல் சிவப்பாண்டி என்ற ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். கழுத்து செக்கச்செவேல் என்று இருந்தது.

"ஏன் தம்பி, ஒரு சுளை அளவு கரைஞ்சிருக்குமா?"

ஓணான் தலையை ஆட்டினான்.

"ரெண்டு சுளை?"

ஆட்டினான்.

"என்ன தம்பி சொல்றே! நாலு சுளையா?"

அதற்கும் ஆட்டினான். ஓணான் வேறு என்ன செய்வான்? வெயில் பட்டால் அவன் தலை ஆடும். மேகம் வந்தாலும் ஆடும், யாரும் இல்லாவிட்டாலும் ஆடும். பிறவிக் குணம்! ஆனால் உருமாயிக்கு அந்த நேரத்தில் அதெல்லாம் தோன்றவில்லை. பசித்தவளுக்குத் தோன்ற வேண்டியதுதான் தோன்றியது.

"கரைஞ்சது நாலு. அதுல மூணு தின்னா, ஒண்ணு லாபம்!" என்று துள்ளினாள். மூன்று சுளையை உரித்துத் தின்றாள். நாலாவது சுளை சின்னதாக இருந்தது. அதை எதற்குக் கணக்கில் சேர்ப்பது என்று அதையும் தின்றாள். அந்த ஓட்டத்துக்கு அரைச் சுளைகூடக் கரைந்திருக்காது என்பது வேறு விஷயம். ஓடியதில் பாதி நேரம் அவள் ஈ விரட்டிக்கொண்டுதான் நின்றாள்.

உருமாயி போன பிறகு பலாச்சக்கையில் ஈ மொய்த்தது. எறும்பு ஊர்ந்தது. ஓணான் இறங்கி வந்து ஒரு ஈயைப் பிடித்தான். அடுத்ததைப் பிடித்தான். வயிறு நிறைந்ததும் அவனுக்குப் புத்தியில் ஒரு வெளிச்சம் பட்டது. இந்த அக்கா எவ்வளவு தின்கிறாளோ அவ்வளவு ஈ!

மறுநாள் அவன் அவளுக்காகவே காத்திருந்தான்.

"அக்கா! என்னா ஓட்டம்! காடே கிடுகிடுத்துப் போச்சு!" என்றான். "இனிமே நானே உங்களுக்குக் கணக்கு சொல்றேன். நாக்கு எவ்வளவு தூரம் வெளியே தொங்குதோ அவ்வளவு கரைஞ்சிருக்குன்னு அர்த்தம். உங்க நாக்கு இன்னைக்கு நெஞ்சைத் தொடுது! ஆறு சுளைக்குக் குறையாது!"

"ஆறா!" உருமாயிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "நீதாண்டா தம்பி, என் உழைப்பைப் புரிஞ்சுக்கிட்டே!"

கரடிக்கு நாக்கு நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். புற்றுக்குள் விட்டுக் கறையான் எடுக்கிற நாக்கு அது. அன்று முதல் உருமாயி ஓட்டத்தைக் கூட்டவில்லை, நாக்கைக் கூட்டினாள்! தோப்பைப் பாதி சுற்றிவிட்டு வந்து, நாக்கை முழங்கால் வரை தொங்கவிட்டு நிற்பாள். ஓணான் "அடேயப்பா!" என்பான். அவள் பழத்தைப் பிளப்பாள்.

கணக்கில் வேலைகளும் கூடிக்கொண்டே போயின.

"மரத்துல முதுகு சொறிஞ்சேன் தம்பி. அதுக்கு உண்டா?"

ஓணான் தலை ஆடியது.

"குட்டியைத் திட்டினேன். கையை வீசி வீசித் திட்டினேன்!"

ஆடியது.

"காலையில ஓடணும்னு ரொம்ப நேரம் நினைச்சுக்கிட்டே படுத்திருந்தேன். மனசும் உழைக்குதே, அதுக்கு?"

அதைக் கேட்டு ஓணானே கண்ணை உருட்டினான். ஆனால் தலை ஆடியது!

குண்டுமணி முதுகில் குதித்துக் குதித்துச் சொன்னது: "அம்மா! முன்னாடி உன் முதுகெலும்பு குத்தும். இப்ப மெத்து மெத்துனு இருக்கு! எனக்கு நல்லாத் தூக்கம் வருது!"

"அதெல்லாம் ஓடி ஓடி ஏறுன முறுக்குடா கண்ணு!" என்றாள் உருமாயி பெருமையாக.

காலையில் அவள் தண்ணீர் குடிக்க ஆற்றங்கரைப் பாறைக்குப் போவாள். கீழே பாறையப்பன் கிடப்பான். ஒருநாள் அவன் கண்ணை மூடிச் சுகமாகச் சிரித்தான்.

"நல்லா இருப்பே தாயி! நீ வந்த புதுசுல அந்தப் பாறையில நின்னா உன் நிழல் என் தலையில மட்டும்தான் விழும். போன வாரம் வயித்துக்கு வந்துச்சு. இன்னைக்கு வால் நுனி வரைக்கும் குளுகுளுன்னு இருக்கு! இப்படியே சாப்பிடு!"

"பொய்!" என்று சீறினாள் உருமாயி. "நான் இளைச்சுக்கிட்டு வரேன். உனக்கு வயித்தெரிச்சல்!"

தனக்குப் பிடித்ததைச் சொன்ன ஓணானை நம்பினாள். தன்னைத் தின்னக் காத்திருந்த முதலையை நம்பவில்லை. அன்றைக்கு உண்மை சொன்னது என்னவோ முதலைதான்!

வைகாசி பாதியில் மலை மேல் மேகம் கூடியது. ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. மான்கள் மரத்தின் மேல் டக்டக்கென்று கடந்தன. மந்திகள் ஒரே ஓட்டமாகப் போயின. காட்டுப்பன்றிகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டது.

"நம்ம முறை!" என்றாள் உருமாயி. "குண்டுமணி, கெட்டியாப் பிடிச்சுக்கோ!"

"போங்க அக்கா! நீங்க இப்ப இறகு மாதிரி!" என்று கத்தினான் ஓணான். கத்தும்போதே தலையும் ஆடியது.

அவள் மரத்தில் முதல் எட்டை வைத்தாள். மரம் முனகியது. அடுத்த எட்டுக்குக் கத்தியது. அதற்கடுத்த எட்டில் "படார்!" என்று மரத்தின் பெரிய பட்டை ஒன்று பெயர்ந்து ஆற்றில் விழுந்தது! பாறையப்பன் வாயைத் திறந்து அதை அப்படியே நொறுக்கினான். உருமாயியின் பின்னங்கால் வழுக்கியது. குண்டுமணியின் பிடி நழுவியது. ஒரே ஒரு பிடி ரோமத்தில் குட்டி தண்ணீருக்கு மேலே ஆடியது!

"அம்மா!"

உருமாயி எப்படித் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. பல்லால் குட்டியைக் கவ்வி, நகத்தால் மரத்தைக் கிழித்து, கரையில் வந்து உருண்டாள். குட்டியை நக்கினாள். காலை, கையை, காதை எண்ணிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. பிறகுதான் அழுதாள்.

அழுது முடித்ததும் மெதுவாக ஓணானிடம் வந்தாள்.

"தம்பி, நான் இளைச்சிருக்கேனா?"

ஓணான் தலையை ஆட்டினான்.

"இல்ல, பெருத்திருக்கேனா?"

ஆட்டினான்.

உருமாயியின் கண் சிறுத்தது. "நான் முயலா?"

ஆட்டினான்.

"நீ யானையா?"

ஓணானுக்குப் புரிந்துவிட்டது. தலையை நிறுத்தப் பார்த்தான். கல்லைக் கட்டிப் பிடித்தான். குச்சியைக் கடித்தான். கண்ணை இறுக்கி மூடினான். அப்படியும் தலை ஆடிக்கொண்டே இருந்தது!

"அக்கா! அக்கா! அது என் கழுத்து அக்கா! பிறந்ததிலிருந்து இப்படித்தான் ஆடுது! நான் என்ன செய்வேன்!"

"கழுத்து சரி. வாய்? ஆறு சுளைன்னு சொன்னது எந்தக் கழுத்து?"

ஓணானின் செக்கச்செவேல் கழுத்து வெளுத்துப் போனது. "ஈ ரொம்ப ருசியா இருந்துச்சு அக்கா" என்றான் சன்னமாக.

உருமாயி கையை ஓங்கினாள். அந்தக் கை விழுந்திருந்தால் கதை அங்கேயே ஓணானுக்கு முடிந்திருக்கும். ஆனால் கை பாதியில் நின்றது.

"ஒரு சுளையான்னு கேட்டேன், ஆட்டினே. அப்பவே நான் நிறுத்தியிருக்கலாம்" என்றாள். "ரெண்டா, நாலான்னு ஏத்தி ஏத்திக் கேட்டது நான்தானே! அரைச் சுளையான்னு ஒருநாளும் கேட்கலையே!"

அதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரம்தான் இல்லை. மலை மேல் இடி உருண்டது.

அந்த வருஷம் மழை கொஞ்சம் தாமதித்தது. அது உருமாயியின் அதிர்ஷ்டம். மீண்டும் ஓடினாள், ஆனால் இந்த முறை ஈ விரட்ட நிற்கவில்லை! நாக்கு தொங்கினால் தொங்கட்டும், அதை யாருக்கும் காட்டவில்லை. ஓடி முடித்தால் பலாமரத்தடிக்குப் போகவில்லை. பசித்தால் கொஞ்சம் கறையான், குட்டிக்குப் பால் சுரக்கும் அளவுக்கு இரண்டு சுளை. "இன்னைக்கு ரொம்ப உழைச்சேனே!" என்று நாக்கு கெஞ்சும். "இளைக்கத்தானே உழைச்சோம், தின்னவா?" என்று அதட்டுவாள்.

தினமும் விடிந்ததும் மருதமரத்தில் முன்னங்கால் இரண்டையும் வைத்து அழுத்திப் பார்ப்பாள். மரம் கத்தினால் இறங்கிவிடுவாள். பிறகு தண்ணீர் குடிக்கும் பாறையில் ஏறி நின்று, கீழே குனிந்து கேட்பாள்:

"ஏன்யா பாறையப்பா! இன்னைக்கு நிழல் எதுவரைக்கும் விழுது?"

தலையை ஆட்டத் தெரியாத ஆள் ஒருவன் அவளுக்கு வேண்டியிருந்தது. பாறையப்பன் தன் வயிற்றுக்காகத்தான் பார்த்தான். அதனால் நன்றாகவே பார்த்தான்.

"வால் நுனியில வெயில் சுடுது தாயி" என்றான் முதல் தடவை, கவலையாக.

அடுத்தடுத்த நாட்களில் அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "முழு வாலும் சுடுதே! என்ன தாயி, உடம்புக்கு ஏதும் சுகமில்லையா? சாப்பாட்டுல குறை வைக்காதே! அந்தப் பலா எல்லாம் வீணாப் போகுது பாரு!"

உருமாயி சந்தோஷத்தில் பாறை மேலேயே குதித்தாள். "குண்டுமணி, கேட்டியாடா? அவன் வால் சுடுதாம்!"

"ஹையா! வால் சுடுதாம்! வால் சுடுதாம்!" என்று குட்டியும் குதித்தது.

ஆனி பிறந்து ஒரு காலையில் பாறையப்பன் எதுவும் பேசவில்லை. அவன் முதுகு முழுக்க வெயில் அடித்தது. நிழல் அவன் தலையில் மட்டும் விழுந்தது. அந்த நிழலுக்குள் அவன் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். முதலைக் கண்ணீர் என்று கேலி செய்வோமே, இது அது இல்லை. உள்ளத்திலிருந்து வந்த அசல் கண்ணீர்!

அதே நேரம் மலையிலிருந்து "ஹோ!" என்று ஒரு சத்தம் கிளம்பியது. வெள்ளம்!

"குண்டுமணி! ஏறு!"

குட்டி முதுகில் தாவியது. இப்போது எலும்பு குத்தியது. குத்தட்டும் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பள்ளக்காட்டுக்குள் தண்ணீர் நுரைத்துக்கொண்டு நுழைந்தது. உருமாயி மருதமரத்துக்கு ஓடினாள். அப்போது பின்னாலிருந்து ஒரு கீச்சுக்குரல் கேட்டது.

"அக்கா! அக்கா! என்னை விட்டுட்டுப் போறீங்களா!"

ஓணான் கல்லின் உச்சியில் நின்றான். சுற்றிலும் தண்ணீர். கத்துகிற நேரத்திலும் தலை ஆடிக்கொண்டிருந்தது.

உருமாயி பல்லைக் கடித்தாள். ஒரு நொடி நின்றாள். பிறகு தண்ணீரில் நாலு தாவு தாவி, தலையைக் கல்லோரம் நீட்டினாள். "ஏறித் தொலை!"

மூவரும் மரத்தில் ஏறினார்கள். மரம் முனகியது, ஆனால் கத்தவில்லை. தண்ணீர் மரத்தின் அடிவயிற்றை நக்கியது. நடுவில் போகும்போது மரம் வளைந்தது. பாறையப்பன் கடைசி ஆசையோடு எம்பினான். அவன் பல் உருமாயியின் வால் ரோமத்தில் இரண்டு முடியைப் பிடுங்கியது, அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்தது!

"அம்மா, மரம் தாங்குமா?" என்று குட்டி நடுங்கியது.

ஓணான் வாயைத் திறந்தான்.

"நீ பேசாதே! தலையையும் ஆட்டாதே!" என்று கர்ஜித்தாள் உருமாயி. "தாங்கும்டா கண்ணு! விடிஞ்சதும் அழுத்திப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன்!"

ஓணான் அவள் காதுக்குப் பின்னால் இருந்த ரோமத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

கடைசி எட்டைத் தாவி மேட்டில் விழுந்தாள். திரும்பிப் பார்த்தபோது மருதமரம் தண்ணீருக்குள் போயிருந்தது. குண்டுமணி இறங்கி, முதல் தடவையாக அழாமல் தனியாக நின்றது. எதிரே மந்திகள் கிளையை உலுக்கிக் கூச்சல் போட்டன. உருமாயி மல்லாந்து படுத்துச் சிரித்தாள், மூச்சு வாங்கினாள், மீண்டும் சிரித்தாள்!

பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு குறும்பாகக் கேட்டாள்: "ஏன் தம்பி சிவப்பாண்டி! இன்னைக்குப் பண்ணின வேலைக்கு முழுப் பலாப்பழமே கரைஞ்சிருக்கும், இல்லே?"

ஓணான் முன்னங்கால் இரண்டாலும் தன் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அப்படியும் தலை லேசாக ஆடியது. "ஆடுறதைப் பார்க்காதீங்க அக்கா!" என்று கெஞ்சினான். "எனக்குத் தெரியாது! சத்தியமா எனக்குத் தெரியாது!"

"இதுதாண்டா நீ சொன்ன முதல் சரியான கணக்கு!" என்றாள் உருமாயி.

உழைத்தது எவ்வளவு என்று ஆசையிடம் கேட்டால் அது எப்போதும் கூட்டித்தான் சொல்லும். உள்ளதைச் சொல்பவர் பேச்சைக் கேட்டு நடப்பவரே கரை சேர்வார்.